குழந்தைகள் மறுவாழ்வுப் பிரிவில் மூத்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாகச் சேரலாமா?

கடலூரைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: “பி.ஓ.டி. (அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம்) முடித்துவிட்டுப் பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கான பிரிவில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். புதுச்சேரியில் குழந்தைகளுக்கான நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் மூத்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. மூத்தவர் என்றால் அங்கே என்ன செய்ய வேண்டியிருக்கும்? பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டவா இவ்வளவு படித்தாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்தக் குழந்தைகள் உண்மையில் தேறுகிறார்களா?” வேலை விவரம் கேட்பதுபோல் இருந்தாலும் கேள்வியின் கனம் கடைசி வரியில்தான் இருக்கிறது. குணமாகாத பிள்ளைகளோடு ஆண்டுகளைக் கழித்துவிட்டு, பிறகு திரும்பிப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாதோ என்ற பயம் அது. நியாயமான பயம்தான். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

மூளையில் ஏற்பட்ட சேதத்தை நாம் யாரும் சரிசெய்வதில்லை. அதைச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொள்பவர்களிடமிருந்து பெற்றோரைக் காப்பாற்றுவதும் நம் வேலையில் ஒரு பகுதி. ஆனால் அந்தச் சேதத்தோடு பிள்ளை செய்யக்கூடிய காரியங்கள் கூடும். தானே சாப்பிடுவது, சட்டையைக் கழற்றுவது, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று தெரிவிப்பது, பலகையில் இருப்பதை நோட்டில் எழுதிக்கொள்வது என்று ஒவ்வொன்றாகக் கூடும். சில பிள்ளைகளிடம் நாமே வியக்கும் அளவுக்குக் கூடும். சில பிள்ளைகளிடம் வலியில்லாமல் உட்கார்ந்து புரையேறாமல் சாப்பிடுவதே பெரிய காரியமாக இருக்கும். இந்தப் பட்டியலில் எதை இப்போது எடுப்பது, எதை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவது, எதைக் கைவிடுவது என்று தீர்மானிப்பவர்தான் மூத்தவர். பயிற்சிகளைப் பொறுத்தவரை, உங்களைவிட அண்மையில் கல்லூரியை விட்டு வந்தவருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கலாம். ஒரு குடும்பத்தின் ஆறு மாத நேரத்தை எதில் செலவிடச் சொல்வது என்ற முடிவு அனுபவத்தில்தான் கைவரும்.

அங்கே வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி: வளரும் மூளையில் ஏற்பட்ட சேதத்தால் வரும் அசைவுக் குறைபாடு) உள்ளவர்கள். குறைமாதப் பிறப்பு, பிரசவ நேர மூச்சுத்திணறல், பிறந்த சில நாட்களில் கட்டுக்கு மீறிய மஞ்சள் காமாலை, கருவிலேயே மூளையில் ஏற்பட்ட பாதிப்பு என்று காரணங்கள் பல. காமாலையால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குக் கை கால் தாமாக முறுக்கிக்கொள்வதோடு காதும் கேளாமல் இருக்கலாம். ஆகவே ‘சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்று தாய் சொன்னால் முதலில் கேட்புப் பரிசோதனை நடந்ததா என்று பாருங்கள். மற்றவர்கள் பிறந்தபின் பாதிக்கப்பட்டவர்கள்: மூளைக்காய்ச்சல், மூளையுறையில் காசநோய், மொட்டை மாடியிலிருந்து விழுந்தது, மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து போய் அடிபட்டது, குளத்திலோ கடலிலோ மூழ்கிக் காப்பாற்றப்பட்டது, மூளைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை. நீங்கள் பார்த்துவரும் பெரியவர் இழந்ததைத் திரும்பப் பெற முயல்கிறார். சட்டைப் பொத்தான் போடுவது எப்படி என்ற நினைவு அவர் மூளையில் எங்கோ இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஒருபோதும் இருந்ததில்லை. அதோடு பிள்ளை வளர்கிறது. எலும்பு நீள்கிறது, இறுகிய தசை அதே வேகத்தில் நீள்வதில்லை. போன வருடம் போட முடிந்த கால்சட்டையை இந்த வருடம் போட முடியாமல் போவதை நோய் முற்றியதாகப் பெற்றோர் நினைப்பார்கள். சேதம் அப்படியேதான் இருக்கிறது, உடல்தான் வளர்ந்திருக்கிறது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

கையின் திறனைச் சொல்ல மேக்ஸ் என்ற ஐந்து படி வகைப்பாடு இருக்கிறது. நான்கு வயதிலிருந்து பதினெட்டு வரை அதுவே. ஒன்றிலிருந்து நான்கு வயதுக்கு மினி மேக்ஸ். அன்றாடம் பிள்ளை பொருட்களை எப்படிக் கையாளுகிறது என்பதை இரண்டு கைகளையும் சேர்த்து அது பார்க்கிறது. தெரபி அறையில் பிள்ளை அதிகபட்சமாக என்ன செய்து காட்டியது என்பது அங்கே கணக்கில்லை. ஆகவே வீட்டில் உள்ளவர்களைக் கேட்காமல் படி குறிக்க முடியாது. புதிதாக வருபவர்கள் மரக்கட்டைகளை அடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதிவிடுவார்கள். தோசையை ஒரே கையால் விரல்களால் அழுத்திக் கட்டை விரலால் பிய்ப்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்று செய்துபார்த்தால்தான் தெரியும். அயல்நாட்டுக் கருவிகளில் கத்தியும் முள்கரண்டியும் இருக்கும், தோசை இருக்காது. நம் பிள்ளைகள் தரையில் உட்கார்கிறார்கள், சோற்றைக் குழம்போடு பிசைகிறார்கள், சொம்பைத் தூக்கித் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள், குத்துக்காலிட்டு உட்கார வேண்டிய கழிப்பறைக்குப் போகிறார்கள். மதிப்பீட்டை அங்கிருந்து தொடங்குங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வரும் சண்டைகளில் பாதி அதில்தான் வரும். வலப்பக்கம் பாதிக்கப்பட்ட பிள்ளை இயல்பாக இடக்கையைத்தான் நீட்டும். தாய்க்கு அது பழகிவிடும். ஆயா, அதாவது பாட்டி, ஏற்க மாட்டார். “பீச்சாங்கையால் சாப்பிடுகிற பெண்ணை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது? எப்படியாவது சோற்றுக்கையைக் கொண்டுவந்துவிடுங்கள்” என்பார். மூத்தவர் இங்கே இரண்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது உறுதியானது: பாதிக்கப்பட்ட கையைப் பயிற்சியால் முதன்மைக் கையாக மாற்றிவிட முடியாது. அதை நல்ல துணைக் கையாக ஆக்கலாம்: தட்டைப் பிடித்துக்கொள்ள, நோட்டு நகராமல் அழுத்த, பாட்டிலைப் பிடித்திருக்க மறு கை மூடியைத் திருக. இரண்டாவது சொல்லக் கூச்சமானது: ஒரே கைதான் சரியாக இயங்குகிறது என்றால் கால் கழுவுவதும் அதே கை, உண்பதும் அதே கை. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆயாவின் கோபத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் இதுதான். கழிப்பறையில் கைத்தெளிப்புக் குழாய், எட்டும் உயரத்தில் சோப்பு, சாப்பிடத் தடித்த பிடியுள்ள ஸ்பூன், விளிம்பு உயர்ந்த தட்டு என்று ஏற்பாடு செய்து, அதை ஆயாவிடமே நேரில் விளக்குங்கள். மருமகள் வழியாகச் சொல்லி அனுப்பினால் எடுபடாது. ஆயா ஒப்புக்கொண்ட வீட்டில் பயிற்சி நடக்கும். ஒப்புக்கொள்ளாத வீட்டில் ஊட்டிவிடுவதுதான் நடக்கும்.

துணைக் கையை வளர்க்க இரண்டு வழிகளுக்கு வலுவான ஆய்வுச் சான்று இருக்கிறது. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டுப் பாதிக்கப்பட்ட கையை நாளுக்குச் சில மணி நேரம், சில வாரங்கள் தொடர்ந்து வேலை வாங்குவது ஒன்று. இரண்டு கையும் இல்லாமல் முடியாத வேலைகளாகவே தேர்ந்தெடுத்து அதே தீவிரத்தில் செய்ய வைப்பது மற்றொன்று. சம அளவு நேரம் கொடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன. எது உயர்ந்தது என்று வாதிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்; எந்த வீட்டுக்கு எது ஒத்துவரும் என்று பாருங்கள். உறை மாட்டினால் அழுது சாப்பாட்டையே விட்டுவிடும் பிள்ளைக்கு இரண்டாவது வழிதான். வேர்க்கடலை உரிப்பது, பூக்கட்டுவது, பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடுவது எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும் கருவிகள். பண்ருட்டிப் பக்கத்து வீடுகளில் கொட்டையோடு முந்திரி கிடக்கும். அதை மட்டும் கொடுக்க வேண்டாம், ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும்.

தீவிரப் பயிற்சிக்கு எப்போது தேதி குறிப்பது என்பதிலும் ஊர் தெரிந்திருக்க வேண்டும். தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் போன்ற மீனவக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக் காலத்தைப் பார்த்துவைப்பேன். அப்பா கரையில் இருப்பார், பள்ளியும் விடுமுறை. பிள்ளையோடு உட்கார ஆள் கிடைக்கும். வருமானம் இல்லாத மாதங்கள் என்பதால் தினமும் பஸ் ஏறி வரச் சொல்லக் கூடாது; பயிற்சி வீட்டில், நாம் வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்தில் அதே மாதங்கள் முந்திரிப் பருவம். அங்கே தாய் காலையிலேயே தோப்புக்குப் போய்விடுவார். ஐப்பசி, கார்த்திகையில் எந்த ஊருக்கும் எதையும் தொடங்காதீர்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் வந்த குடும்பங்களிடம் போய்ப் பயிற்சி அட்டவணையைக் காட்ட முடியுமா?

இனி எது உறுதி, எது சந்தேகம் என்ற கணக்கு. பிள்ளையும் குடும்பமும் தேர்ந்தெடுத்த ஒரு குறிப்பிட்ட காரியத்தை, அது நடக்கும் இடத்திலேயே, போதுமான தடவை செய்து பழகுவது பலன் தருகிறது, இது உறுதி. பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்துத் தொடர்ந்து கவனித்துவரும் வீட்டுப் பயிற்சியும் அப்படியே. இறுக்கத்தைக் குறைக்கும் போட்டுலினம் ஊசி சில மாதங்களுக்கு வேலை செய்கிறது. அந்த மாதங்களில் பயிற்சி இல்லாவிட்டால் ஊசியின் செலவு வீண். பிள்ளை சும்மா படுத்திருக்க நாம் கையையும் காலையும் நீட்டி மடக்கிக்கொண்டிருப்பது அதனளவில் மூட்டு இறுகுவதைப் பெரிதாகத் தடுப்பதில்லை என்றே இன்றைய சான்றுகள் சொல்கின்றன. இதைக் கேட்டால் பல மையங்கள் வருத்தப்படும். அவர்களுடைய அரைமணி நேரம் முழுவதும் அதில்தான் போகிறது. கையைச் சரியான நிலையில் நிறுத்தும் கைப்பட்டைகளின் (ஸ்பிளின்ட்) நிலை நடுத்தரம்: சரியான காரணத்துக்கு, சரியான அளவில் செய்தால் சிலருக்கு உதவும். பட்டை உள்ளங்கையில் வியர்த்து நாறினால், கடலூர் வெயிலில் அது அலமாரிக்குத்தான் போகும். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் உருவாக்கிய, ஊஞ்சல், தொடுதல் போன்றவற்றால் புலன்களைத் தூண்டும் புலன் ஒருங்கிணைப்பு முறைக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் ஓரளவு ஆதரவு உண்டு; பெருமூளை வாதத்தில் கை இயக்கத்தை அது மேம்படுத்தும் என்பதற்குச் சான்று மெலிவாகவே இருக்கிறது. ஊஞ்சலில் ஆட்டுவது பிள்ளைக்குப் பிடிக்கும் என்றால் ஆட்டுங்கள், சிகிச்சை என்று பில் போட வேண்டாம்.

உயர் அழுத்த ஆக்சிஜன் அறையைப் பற்றிக் கேட்பார்கள். கனடாவில் நடந்து 2001-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், ஆக்சிஜன் பெற்ற பிள்ளைகளும் லேசான அழுத்தத்தில் சாதாரணக் காற்றைப் பெற்ற பிள்ளைகளும் ஒரே அளவில்தான் முன்னேறினார்கள். ஸ்டெம் செல்லைப் பற்றியும் கேட்பார்கள், பெரும்பாலும் நகையை அடகு வைத்துவிட்ட பிறகு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள், சில ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்டவற்றைத் தவிர, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்கின்றன. இதைக் கனிவாகச் சொல்லலாம், ஆனால் மழுப்பக் கூடாது. அந்தப் பெற்றோர் முட்டாள்கள் அல்லர். நாம் நேரம் ஒதுக்கிப் பேசாத இடைவெளியில் வேறொருவர் பேசிவிட்டார், அவ்வளவுதான்.

விளையாட்டுக் காட்டும் வேலை என்று நினைக்கும் உங்கள் வீட்டாரிடம் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். கழுத்து நிற்காத பிள்ளையை மடியில் மல்லாத்தி, தலை பின்னால் சாய்ந்திருக்கப் பாலாடையில் ஊற்றுவது நம் பக்கத்தில் சாதாரணம். அந்த நிலையில் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் வாய்ப்பு அதிகம். நிமிர்ந்த உடல், சற்று முன்குனிந்த தலை, சிறிய வாய், விழுங்கியபின் அடுத்த வாய் என்பதை மட்டும் கற்றுக்கொடுத்தாலே இருமல் குறைந்து பிள்ளையின் எடை ஏறுவதைப் பார்க்கலாம். சாப்பிடும்போது கண்ணில் நீர் வருகிறது, குரல் ஈரமாகக் கொரகொரக்கிறது, அடிக்கடி நிமோனியா வருகிறது என்றால் நம் எல்லை அங்கே முடிகிறது. விழுங்கும் திறனைச் சோதிக்கக் குழந்தை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எண்ணெய்க் குளியல் நாளில் மூக்கில் எண்ணெய் விடுவதைக் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள்; விழுங்கத் தடுமாறும் பிள்ளைக்கு அது நுரையீரலில் போய்த் தங்கிவிடும். உடம்புக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதில் கெடுதல் இல்லை. மசாஜ் குணப்படுத்தாது, ஆனால் பிள்ளைக்கும் தாய்க்கும் இதமானது. அதையும் தடுத்து வைத்துச் சம்பாதிக்கப் போவது ஒன்றுமில்லை.

இடுப்பைப் பற்றியும் ஒரு சொல். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்திலிருந்து மெல்ல விலகுகிறது. நடக்கவே இயலாத பிள்ளைகளிடம் இது மிக அதிகம். தொடக்கத்தில் வலி இருக்காது. உடை மாற்றும்போது கால்களை விரிப்பது கடினமாகிறது என்று தாய் சொல்வதற்குள் விலகல் தொடங்கியிருக்கும். குறித்த இடைவெளியில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் வழி. எக்ஸ்ரே எழுதித் தருவது நம் அதிகாரத்தில் இல்லை. கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பது மூத்தவரின் கடமை. வேறு யாரும் கேட்காத பிரிவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

“நடப்பானா?” என்று எல்லாரும் கேட்பார்கள். ஆறு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு இதற்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. இரண்டு வயதுக்குள் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்துவிட்ட பிள்ளை பெரும்பாலும் ஏதோ ஒரு வகையில் நடந்துவிடும் என்பது ஓரளவு நம்பக்கூடிய அடையாளம். உடலின் பெரிய அசைவுகளில் அடையக்கூடிய திறனில் பெரும்பகுதியைப் பிள்ளைகள் ஐந்து வயதுக்குள் அடைந்துவிடுகிறார்கள் என்பதும் நன்கு நிறுவப்பட்டதே. இந்த இரண்டாவது செய்திதான் ‘ஐந்து வயதுக்குமேல் தெரபி வீண்’ என்று ஊரில் உருமாறி உலவுகிறது. அந்தக் கணக்கு உட்கார்வது, நிற்பது, நடப்பதைப் பற்றியது. உடை உடுத்துவது, எழுதுவது, மாதவிடாய் நாட்களைச் சமாளிப்பது, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கிவருவது எல்லாம் அதற்குப் பிறகும் கற்றுக்கொள்ளக்கூடியவை. பதினான்கு வயதில் தானே பாவாடை நாடா கட்டக் கற்ற பெண்ணின் தாயிடம் ஐந்து வயதுக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

மறுபக்கம், சீக்கிரம் தொடங்குவதற்கான வாய்ப்பும் முன்பைவிடக் கூடியிருக்கிறது. மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் குழந்தையின் தன்னியல்பான அசைவுகளைப் பார்க்கும் முறை, ஹேமர்ஸ்மித் நரம்புப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஆகிய மூன்றையும் சேர்த்தால் பெருமூளை வாதத்தின் அபாயத்தை முதல் ஆண்டிலேயே நல்ல துல்லியத்தோடு சொல்லிவிடலாம். ஒரு வயதுக்குமுன் குழந்தை ஒரே கையைத்தான் பயன்படுத்துகிறது என்றால் அது கைப்பழக்கம் அல்ல, மறு கையைச் சோதிக்க வேண்டிய அறிகுறி. ‘அவன் அப்பாவும் லேட்டாகத்தான் நடந்தான்’ என்ற ஆறுதலில் போகும் மாதங்கள் திரும்பி வருவதில்லை. பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பியவர்களின் மறுபரிசோதனை நாளில் நீங்களும் போய் உட்கார அனுமதி கேளுங்கள்.

பிறந்தபின் தலையில் அடிபட்ட பிள்ளைகள் வேறு விதமாகச் சிக்கலானவர்கள். நன்றாக நடப்பார்கள், பேசுவார்கள். ‘குணமாகிவிட்டது’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பில் சமாளித்த பையன் ஆறாம் வகுப்பில் திணறுவான். அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர், திட்டமிட்டுப் படிக்க வேண்டிய அளவு, வேகமாக எழுத வேண்டிய கட்டாயம். மூளையின் முன்பகுதியில் பட்ட அடி, அந்தப் பகுதிக்கு வேலை வரும் வயதில்தான் வெளியே தெரியும். ஆசிரியர் சோம்பேறி என்பார், அப்பா அடிப்பார். இந்தப் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டியதில் பெரும்பங்கு ஒரு கடிதம்தான்: முன்வரிசை இருக்கை, பலகையிலிருந்து எழுதுவதற்குப் பதில் நகல், மதியத்துக்குமேல் ஓய்வு, தேர்வில் கூடுதல் நேரம். கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் எளிய தமிழில் எழுதுங்கள். மருத்துவச் சொற்கள் நிறைந்த நான்கு பக்க அறிக்கையைத் தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டுவார்.

நம் பகுதிக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. கடலூர் மாவட்டத்துப் பிள்ளை ஜிப்மருக்கோ புதுச்சேரியின் வேறு மருத்துவமனைக்கோ வரும்; எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் அரசாங்கமே மாறிவிடுகிறது. மாற்றுத்திறனாளிக்கான மாத உதவித்தொகையை வசிக்கும் மாநிலத்தில்தான் கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. நாடு முழுவதற்கும் பொதுவானது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி நாற்பது சதவீதமும் அதற்குமேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை. மத்திய அரசின் அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. அதில் தெரபிக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கத்தில் வட்டார வள மையமும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையமும் இருக்கின்றன. இது சமூகப் பணியாளர் வேலை என்று ஒதுங்கிவிடலாம்; ஆனால் பல இடங்களில் அந்தப் பணியிடமே இருக்காது, கேள்வி உங்களிடம்தான் வரும்.

நாள் எப்படிப் போகும் என்று கேட்டால், பாதி நேரம்தான் பிள்ளைகளோடு. மீதி, இளையவர்கள் எழுதிய இலக்குகளைத் திருத்துவது, உட்காரும் நாற்காலிக்குத் தச்சரிடம் அளவு கொடுப்பது, மருத்துவரிடம் வாதாடுவது, வீடுகளுக்குப் போவது. வீட்டுக்குப் போகாமல் எழுதும் திட்டம் பெரும்பாலும் கற்பனைதான். கூரை வீட்டின் வாசற்படி எவ்வளவு உயரம், கழிப்பறை வீட்டிலிருந்து எத்தனை அடி என்பதை அறைக்குள் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. எல்லாவற்றிலும் கடினம் நிறுத்துவது. இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் வந்துகொண்டிருக்கும் தாயிடம், இனி மாதம் ஒரு முறை போதும், மற்ற நாட்களில் அவன் தெருப் பிள்ளைகளோடு விளையாடட்டும் என்று சொன்னால், கைவிட்டுவிட்டதாக அழுவார். தனியார் மையமாக இருந்தால் நிர்வாகத்துக்கும் பிடிக்காது. முடிவின் காரணத்தைத் தாயிடம் ஒரு மாதம் முன்னதாகவே பேசத் தொடங்கினால் அழுகை குறையும். நிர்வாகத்துக்கு எனக்குத் தெரிந்து மருந்து இல்லை. முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள், வளர்ந்த பிள்ளைகளைத் தனியாகத் தூக்காதீர்கள். சில பிள்ளைகள் இறந்துபோவார்கள். அன்று மாலை யாரோடு பேசுவது என்று முன்பே ஒருவரைத் தேர்ந்து வைத்திருப்பது நல்லது.

தொழிலின் நிலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கிவைத்த படிப்பு, மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்காக 2021-இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தால்தான் முழுமையான சட்ட அங்கீகாரம் பெற்றிருக்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்வதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் பெற்ற அனுபவம் வீணாகாது. தசை இறுக்கம், கைப்பட்டை, வீட்டில் செய்யும் மாற்றங்கள் எல்லாம் அப்படியே பயன்படும். குழந்தை வளர்ச்சியும் உணவூட்டலும் மட்டும் புதிதாகப் படிக்க வேண்டியவை. அதற்கு ஓர் ஆண்டாவது உங்களுக்கு மேல் ஒருவர் இருந்து வழிகாட்டினால் நல்லது. உங்களையே மூத்தவர் என்று உட்காரவைத்துவிட்டு மேலே யாருமில்லாத இடம் என்றால் யோசியுங்கள்.

நேர்காணலில் நான்கு கேள்விகளை நீங்கள் கேளுங்கள்: ஒரு மணி நேரத்தில் ஒரு தெரபிஸ்ட்டிடம் எத்தனை பிள்ளைகள்? பெற்றோரோடு பேசுவதற்கென்று தனி நேரம் உண்டா? வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் போகப் பணி நேரத்தில் அனுமதி உண்டா? தெரபியைக் குறைக்கவோ நிறுத்தவோ முடிவெடுப்பது யார்? பிறகு, பெயர்களை மறைத்துப் பழைய கோப்புகள் இரண்டு மூன்றைக் காட்டச் சொல்லுங்கள். ‘கையின் செயல்பாடு மேம்பட வேண்டும்’ என்று ஆண்டு முழுவதும் ஒரே இலக்கு இருந்தால், சேர்ந்தபின் நீங்கள் மாற்ற வேண்டிய முதல் விஷயம் அது. அதை மாற்ற விடுவார்களா என்று அங்கேயே கேட்டுவிட்டு, சம்பளத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுங்கள்.